காலில் சிலந்தி நரம்பு: நம் தோலுக்கு எது ஒத்துவரும்?

சேலையைக் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தூக்கிக் காட்டுவார்கள், அடுத்த நொடியே இறக்கிவிடுவார்கள். பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தக்குழாய்ப் பிரிவில் 14 வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்தேன். நம் பெண்கள் காலைக் காட்டும் விதம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, மகள் கல்யாணத்துக்குள்ள இதை எடுத்துடலாமா?" என்பார்கள். தொடையின் வெளிப்பக்கத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஊதாவும் சிவப்புமாக மெல்லிய கோடுகள் பின்னிக்கிடக்கும்.

எடுக்கலாம். ஆனால் எதை முதலில் எடுப்பது, நம் நிறத்துக்கு எது சரிப்படும் என்று தெரியாமல் எங்கேயோ பணத்தைக் கட்டிவிட்டு, தழும்போடு எங்களிடம் வந்தவர்களின் கால்களை நான் நிறையத் துடைத்து மருந்து போட்டிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுப் பிறை என்ற ஊரில் மகளோடு இருக்கிறேன். கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் இன்னும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இது எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு ஊசி. லேசர் கடைசியில், அதுவும் நம் தோலுக்கு ஏற்ற லேசர் மட்டும்.

முதலில் உங்கள் காலை நீங்களே பாருங்கள்

எல்லாரும் நரம்பு என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். உண்மையில் இது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. காலில் இருக்கும் இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைத் தசை பிழிந்து ஏற்றுகிறது. ஏறிய இரத்தம் இறங்காமல் சிரைக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தசை பிழியாது, கீழே அழுத்தம் கூடும். லிட்டில் இந்தியா சேலைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்தவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் என்று எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நின்றே பிழைத்தவர்கள். பரம்பரைக்கும், பிள்ளை சுமந்ததற்கும், பெண்களின் ஹார்மோனுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததால்தான் வந்தது என்று மாமியார் திட்டினால் அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்குச் சரியான ஆதாரம் இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பாருங்கள். படுத்துக்கொண்டு பார்த்தால் பாதி தெரியாது. கோடு தையல் நூல் அளவு, 1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் அதுதான் சிலந்தி நரம்பு. தோலுக்கு அடியில் பச்சையும் நீலமுமாக 1 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஓடினால் அது வலை நரம்பு. பல நேரம் சிலந்தி நரம்புக்கு இரத்தத்தைத் தள்ளுவது அதுதான். 3 மில்லிமீட்டருக்கு மேல் கயிறு மாதிரி புடைத்து, கைக்குத் தட்டுப்பட்டால் வெரிக்கோஸ், நம் பாட்டிமார் சொன்ன நரம்புச் சுருட்டு. அதற்கு வைத்தியமே வேறு.

பிறகு விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். சிலந்தி நரம்பு வெளுத்து, விரலை எடுத்ததும் திரும்ப நிறையும். அழுத்தியும் நிறம் மாறாத ஊதாப் புள்ளிகள் இருந்தால் அது தோலுக்குள் கசிந்த இரத்தமாக இருக்கலாம். அழகு சிகிச்சையை மறந்துவிட்டு முதலில் பொது மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தொடையின் வெளிப்பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உள் கணுக்காலுக்குக் கீழே விசிறி விரித்த மாதிரி நெருக்கமாக இருந்தால் சும்மா விடாதீர்கள். என் அம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவருடைய வலது கணுக்காலில் அந்த விசிறி இருந்தது. வயசானால் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்போது சின்னப் பெண். பிறகு அந்த இடம் கறுத்தது, அரித்தது, ஒரு நாள் சிராய்ப்பு பட்டுப் புண்ணானது. அந்தப் புண்ணோடு அவர் எத்தனை வருடம் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். கீழே தெரிந்த விசிறி, மேலே பெரிய குழாயில் வால்வு பழுதாகி இரத்தம் திரும்பி வடிந்ததன் அடையாளம். நான் இந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது எனக்கே புரிந்தது.

அதனால் கணுக்கால் விசிறி, சாயங்கால வீக்கம், கால் கனம், இராத்திரித் தசைப்பிடிப்பு, தோல் கறுப்பது, புடைத்த நரம்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் எந்த ஊசிக்கும் சம்மதிக்காதீர்கள். உங்களை நிற்க வைத்து, தொடையில் ஜெல் தடவி, கெண்டையைக் கையால் பிழிந்து, இரத்தம் மேலே போகிறதா, திரும்பி வருகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். வலி கிடையாது. பெரிய குழாயில் கசிவு இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். மெல்லிய குழலை உள்ளே விட்டு ரேடியோ அலையாலோ லேசராலோ சுட்டு அடைப்பதும் உண்டு, மருத்துவப் பசையால் ஒட்டுவதும் உண்டு. மேலே குழாய் ஒழுகும்போது கீழே தரையைத் துடைத்து என்ன பயன்?

ஊசி

சிலந்தி நரம்புக்கு உலகம் முழுக்க முதலில் கை வைப்பது ஊசி மருந்தில்தான். ஸ்கிளிரோதெரபி என்பார்கள். மருந்து நரம்பின் உள்சுவரைப் புண்ணாக்கும், சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டிய நரம்பை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அந்த வழி அடைபட்டால் இரத்த ஓட்டம் கெடாதா என்று கேட்பார்கள். கெடாது. ஆற்றில் நூறு ஓடை இருந்தால் ஒன்றை அடைத்தாலும் தண்ணீர் மற்றதில் போகும்.

அதிகம் பயன்படுவது போலிடோகனால். சிலந்தி நரம்புக்கு 0.5 சதவீதம், வலை நரம்புக்கு 1 சதவீதம். முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக உருவானது என்பதால் எரிச்சல் குறைவு. சோடியம் டெட்ராடெசில் சல்பேட் என்று இன்னொன்று உண்டு. முன்பு கெட்டியான உப்புக் கரைசலையும் போடுவார்கள். அது நன்றாக வலிக்கும், நரம்புக்கு வெளியே கசிந்தால் புண் வரும். எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் காலை நீட்டாதீர்கள்.

நடப்பதைச் சொல்கிறேன், பயம் போகும். கட்டிலில் படுக்க வைத்து, ஸ்பிரிட்டால் துடைப்போம். ஸ்பிரிட் ஈரத்தில் நரம்பு இன்னும் தெளிவாகத் தெரியும். டாக்டர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. ஊசி 30 கேஜ், சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிப்பு, அவ்வளவுதான். அதை இலேசாக வளைத்துக்கொண்டு, நான் இரண்டு பக்கமும் தோலை இழுத்துப் பிடிக்க, கிட்டத்தட்டப் படுக்கையாக உள்ளே விடுவார். மருந்து இறங்கும் அந்தக் கணத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. ஊதாக் கோடு ஊசி முனையிலிருந்து கிளைகிளையாக அழிந்துகொண்டே போகும், சிலேட்டில் எழுதியதை ஈரத் துணியால் துடைத்த மாதிரி. நோயாளி எழுந்து பார்க்கும்போது அதே இடம் சிவந்து, கொசு கடித்த மாதிரி தடித்திருக்கும். "போகலையே மிஸ்ஸி!" என்று முகம் வாடும். துடைபட்டது இரத்தம் மட்டும்தான். நரம்பு கரைய நாளாகும். சிலந்தி நரம்பு மங்க 3 முதல் 6 வாரம், பெரியது என்றால் 3, 4 மாதம். அரிப்பு அன்றைக்கே அடங்கிவிடும்.

வலை நரம்பு இருந்தால் அதை முதலில் அடைத்த பிறகே சிலந்திக்கு வரச்சொல்லுங்கள். வேரை விட்டுக் கிளையை மட்டும் அடைத்தால் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது, மருந்துக்கு ஒரு நாளின் அளவு உண்டு. ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 4 முதல் 8 வாரம் விடுவார்கள். இரண்டு மூன்று அமர்வு சாதாரணம். அதனால் கல்யாணத்துக்கு என்றால் ஆறு மாதம் முன்னாடியே தொடங்க வேண்டும். பத்திரிகை அடித்த பிறகு வந்தவர்களை எங்கள் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், அது சரியும்கூட.

பெரிய நரம்புக்கு மருந்தை நுரையாக அடித்துப் போடுவார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் சின்னத் துளை உள்ளவர்களுக்கும் நுரை போட்டதும் சிறிது நேரம் கண்ணில் மின்னல் அடிக்கலாம், தலை வலிக்கலாம். முன்பே சொல்லிவிடுங்கள்.

சிலர் இப்போதைக்கு ஊசியைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் பிள்ளை பிறந்து பல மாதம் பொறுக்கட்டும், அப்போது வந்த நரம்பு பல பேருக்குத் தானாகவே மங்கிவிடும். பால் கொடுக்கும் தாய்மார், ஆழமான நரம்பில் இரத்தக் கட்டி இருப்பவர்கள், காலில் தோல் தொற்று உள்ளவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், அந்த மருந்து ஒவ்வாதவர்கள் இவர்களும் அப்படித்தான். இரத்தம் இளக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை எடுப்பதையும், குடும்பத்தில் யாருக்காவது காலில் இரத்தம் கட்டியதையும் மறைக்காதீர்கள். மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தவும் வேண்டாம்.

லேசர், நம் தோல்

லேசர் ஒளி இரத்தத்தின் சிவப்பைத் தேடிப் போய்ச் சூடாக்கி நரம்பைச் சுருக்குகிறது. நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், இரத்தத்தைத் தொடுவதற்கு முன் வழியிலேயே அந்த ஒளியைக் குடித்துவிடும். குடித்த இடம் வெந்துபோகும். 532, 595 நானோமீட்டர் அலைநீளம் உள்ள லேசர்களும், பளிச் பளிச் என்று அடிக்கும் ஐபிஎல் விளக்கும் வெளுத்த தோலுக்கு வேலை செய்யும், நமக்கு அபாயம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் ஆழமாக இறங்கும், மெலனின் அதைக் குறைவாகவே குடிக்கும். கறுத்த காலுக்கு லேசர் என்றால் அது ஒன்றைத்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

என் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேறு வார்டில் இருந்த காலம். அவள் என்னிடம் கேட்காமல் ஒரு அழகு நிலையத்தில் பத்து அமர்வுக்குப் பேக்கேஜ் எடுத்து, விளக்கு வைத்தியம் செய்துகொண்டாள். இரண்டாவது அமர்வில் எரிகிறது என்றாளாம், அப்படித்தான் இருக்கும் என்றார்களாம். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. அடியில் வெள்ளைத் திட்டுகள், விளக்கு முனையின் அளவுக்கு நீள்சதுரமாக வரிசை கட்டி நின்றன. ஊதா நரம்பு அப்படியே இருந்தது. நிறம் திரும்ப ஒன்றரை வருடம் ஆனது, ஒரு இடத்தில் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அவள் அழுதது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

ஆகவே லேசர் என்றால் அலைநீளம் எவ்வளவு என்று கேளுங்கள், என்னைப் போன்ற நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்று கேளுங்கள், முதலில் மறைவான ஓரிடத்தில் சோதனைக்கு அடித்துச் சில வாரம் பார்க்கலாமா என்று கேளுங்கள். அடிக்கும்போது ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி சுளீர் என்று இருக்கும், கூடவே குளிரூட்டவும் வேண்டும். தாங்க முடியாமல் எரிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஊசி முனை நுழையாத அளவு மெல்லிய சிவப்புக் கோடுகளுக்கும், ஊசி என்றாலே மயங்கிவிழுபவர்களுக்கும், ஊசி மருந்து ஒவ்வாதவர்களுக்கும் லேசர் கைகொடுக்கும். மற்றவர்களுக்கு, காலில் ஊசிதான் குறைந்த செலவில் அதிகம் போக்கும் என்பது நான் பக்கத்தில் நின்று பார்த்தது. மயிரிழை ஊசியால் நரம்பை வெப்பத்தில் சுடும் முறையும் இருக்கிறது, மிகச் சின்னக் கோடுகளுக்கு மட்டும். தைலம், கிரீம், ஆப்பிள் வினிகர் எதுவும் இருக்கிற நரம்பைப் போக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஊசி போட்ட கையோடு 20, 30 நிமிடம் நடக்க வேண்டும். எங்கள் நோயாளிகளை மருத்துவமனை வராந்தாவிலேயே நடக்கவிட்டுத்தான் அனுப்புவோம். தினமும் நடங்கள், தண்ணீர்மலை பூந்தோட்டத்தில் சாயங்கால நிழலில் ஒரு சுற்று போதும். படுத்தே கிடப்பதுதான் கெடுதல். இரண்டு வாரத்துக்கு ஜிம், கனமான தூக்கல், வெந்நீர்க் குளியல், நேர் வெயில் வேண்டாம். சென்னைக்கு விமானம் போட்டிருந்தால் டாக்டரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பாற்குடமோ காவடியோ எடுப்பவர்கள் சுடுதார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி ஏறுவீர்கள். ஊசியைத் தைப்பூசத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஸ்டாக்கிங்ஸ்தான் எல்லாரையும் அழவைப்பது. 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளதைத்தான் பெரும்பாலும் எழுதித் தருவார்கள், சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை போடச்சொல்வார்கள். கடையில் கணுக்காலையும் கெண்டையையும் அளந்துதான் வாங்க வேண்டும், காலணி சைஸ் பார்த்து அல்ல. காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன் போடுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள், பாதி வேலை அதுவே செய்யும். கையை உள்ளே விட்டு, குதிகால் பகுதியைக் கிள்ளிப் பிடித்து, அந்த இடம் வரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள். பிறகு மேலே பிடித்து இழுக்காமல், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுங்கள். மடிப்பு ஒன்றும் இருக்கக்கூடாது, மடிப்பு விழுந்த இடம் கயிறு கட்டிய மாதிரி இறுக்கும். நம் ஊர் வேக்காட்டுக்கும் கோயில் ஈரத்தரைக்கும் விரல் திறந்த வகையை வாங்குங்கள். கால் விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே கழற்றுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள், நடந்தால் கெண்டை பிடித்து நிற்க வேண்டியவர்கள் பாத நாடியைச் சோதிக்காமல் இதைப் போடவே கூடாது. சுத்த இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் இந்த இறுக்கம் காலுக்கே ஆபத்து.

இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போட்ட இடத்தில் கடினமாக, தொட்டால் வலிக்கிற நீலக் கோடு வந்தால் பயப்பட வேண்டாம், சிக்கிக்கொண்ட இரத்தம். டாக்டர் ஊசியால் ஒரு துளி கீறி பிதுக்கி எடுப்பார், வலியும் குறையும், கறையும் குறையும். கறை என்றால் தேத்தண்ணி சிந்திய மாதிரி பழுப்பு. நம் தோலில் அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் மங்கும். வெயில் பட்டால் அழுத்தமாகும், அதனால் சன்ஸ்கிரீனைக் காலுக்கும் பூசுங்கள். சிலருக்கு அதே இடத்தைச் சுற்றிச் சிவந்த புகை மாதிரி புது நுண்நரம்புகள் கிளம்பும், அதுவும் சில மாதத்தில் பெரும்பாலும் அடங்கும். அதற்குள் அவசரப்பட்டு மேலே மேலே ஊசி போட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாதவை இவை: ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டை வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, முகம் வீங்குவது. உடனே 999. ஊசி போட்ட இடம் வெள்ளையாகிக் கடுமையாக வலித்தாலோ கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

யாரிடம், எவ்வளவு

ஊசி போடுவது பதிவுபெற்ற டாக்டரின் வேலை, அழகு நிலையத்தின் வேலை அல்ல. மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் தெரியும், சிறப்பு மருத்துவருக்குத் தனியாகத் தேசியப் பதிவேடு உண்டு. கிளினிக் சுவரில் ஏபிசி என்கிற வருடாந்திரச் சான்றிதழ் மாட்டியிருக்கும், அதில் இந்த வருடம் இருக்கிறதா பாருங்கள். மருந்துப் பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கெட்ட பெயர் வரும் என்று கூச்சப்படாதீர்கள், உங்கள் கால்.

அழகுக்காகச் செய்வது என்பதால் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, பொதுவாகக் காசு கட்டாது. விலை பேசும்போது ஒரு அமர்வுக்கா, ஒரு காலுக்கா, ஒரு குப்பி மருந்துக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். ஸ்கேனும் ஸ்டாக்கிங்ஸும் அதில் சேருமா என்றும் கேட்டு, எழுதி வாங்குங்கள். பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டாதீர்கள். புண், வீக்கம், இரத்தக் கசிவு இருந்தால் அது அழகு விஷயமே அல்ல. கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டி அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள்.

முதல் ஊசிக்குப் போகும் நாளில் காலில் எண்ணெயோ லோஷனோ தடவாமல், அன்றைக்கு முடி மழிக்காமல், சாப்பிட்டுவிட்டு, தளர்வான பஞ்சாபி சூட்டில் போங்கள். கிளம்பும் முன் ஜன்னல் ஓரமாக நின்று, நரம்புக்குப் பக்கத்தில் ஒரு 50 காசை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஜன்னல், அதே நேரம், அதே காசு வைத்து இன்னொன்று எடுங்கள். போன நரம்பு கண்ணுக்கு நினைவில்லாமல் போய்விடும், மிஞ்சியது மட்டும் உறுத்தும். அடுத்த அமர்வு வேண்டுமா என்று அந்த இரண்டு படத்தையும் டாக்டர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.